காட்டுப்பன்றி மேல் ஒரு மனு

விலங்குகளைப் பற்றிப் பாட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டுகிறது. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு, நானும் அந்தக் கும்பலில் ஒருவனாக இருந்தவன்தான். புலி, யானை, மான், மயில், நாகம் என்று ஒரு காலத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை. அவற்றில் பாதியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். நாகத்தின் மேல் நாற்பது வரி பாடிய நான், குளிக்கப் போன இடத்தில் ஒரு சாரைப்பாம்பைக் கண்டு வேட்டி அவிழ ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

இந்தப் பாட்டுகளில் எப்போதும் இரண்டு சரக்குதான் இருக்கும். ஒன்று, விலங்கைப் பார்த்து வாய் பிளப்பது. இன்னொன்று, பார்த்து நடுங்குவது. வாய் பிளந்தால் புலவனுக்கு ரசனை இருக்கிறது என்று பெயர். நடுங்கினால் உணர்ச்சி இருக்கிறது என்று பெயர். எப்படிப் பார்த்தாலும் பெயர் புலவனுக்குத்தான். இரண்டையும் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே செய்துவிடலாம். அப்படிச் செய்த ஒரு காரியத்தால் ஒரு குடியானவரின் பிழைப்பு மண்ணாகிப் போனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. இலுப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்து, தங்க இடம் தேடி அலைந்து, கடைசியில் ஆவூருக்கு அருகே ஒரு வேதக்காரக் குடும்பத்தின் வீட்டில் பின்னறையை வாடகைக்குப் பிடித்தேன். வேதக்காரர் என்றால் கத்தோலிக்கர், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நேரம் தவிர அவர் உடம்பில் சட்டையை நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் என்னை ‘வாத்தியாரு தம்பி’ என்று கூப்பிட்டு, வாடகையோடு சேர்த்துச் சோறும் போட்டார்.

அவர்களுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை, அதுவும் காட்டை ஒட்டி. ஆடியில் கடலை விதைத்துக் கார்த்திகையில் பிடுங்குவார்கள். அந்தக் கடலைதான் வருடம் முழுக்க அவர்களுக்குச் சோறு, துணி, மருந்து எல்லாம். முந்தின இரண்டு வருடமும் காய் முற்றுகிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி வேரோடு கிளறித் தின்றுவிட்டன. இந்த வருடமும் போனால் கொல்லையைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று அந்த அம்மாள் அடுப்படியில் இருந்துகொண்டு சொல்வார். சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்தவரை காட்டுப்பன்றி மேல் கை வைக்க முடியாது, அதெல்லாம் அரண்மனை வேட்டைக்கு என்று ஒதுக்கியது என்பார் அவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதும் கொஞ்ச காலம் கேட்பாரில்லாமல் ஆளாளுக்கு ஈட்டியோடு கிளம்பினார்களாம். பிறகு வேட்டை கூடாது என்று சர்க்கார் போர்டு வந்து காட்டோரத்தில் நின்றுகொண்டது. போர்டைப் பன்றி படிக்குமா? அது பாட்டுக்கு வந்துபோனது. பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கொல்லையில் நிற்கும்போது அவர் ‘பன்னி’ என்ற சொல்லையே எடுக்க மாட்டார். பாம்பைப் பூச்சி என்பதில்லையா, அந்த மாதிரி, பன்றியைப் ‘பெரியவுக’ என்பார். பெரியவுக வந்துட்டுப் போயிருக்காக, பெரியவுக வேலியைச் சாய்ச்சிருக்காக. பயிரைத் தின்னுகிற பிராணிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் சிரிப்பேன். படித்த திமிர், வேறென்ன.

ஆவணி பிறந்த புதிதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் அறை வாசலில் வந்து நின்றார். துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு எழுத வேண்டும், தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறாராம், அவரிடம் போகலாமா என்று கேட்டார். அந்த மனு எழுதுகிறவரை எனக்குத் தெரியும். ‘மேற்படி’ இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் ஓடாது. பாதி சமஸ்கிருதம், பாதி இங்கிலீஷ். அப்போது எங்களுக்கெல்லாம் தனித்தமிழ்க் காய்ச்சல் ஏறியிருந்த நேரம். நான் குடியிருக்கிற வீட்டுக்காரருக்கு அந்த ஆள் மனு எழுதுவதா? நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்காமலேயே நானாக ஏற்றுக்கொண்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அவர் விரல் விட்டு எண்ணி விவரம் சொன்னார். சர்வே நம்பர், நிலத்தின் அளவு, எந்த மாதம் வந்தது, எத்தனை தடவை வந்தது. நான் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. பன்றி எப்படி இருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் யோசித்தார்.

“கிட்டத்துல முழுசா பாத்ததில்லைங்க. வெள்ளன போனா அவுக கெளறிட்டுப் போன எடத்துல மண்ணு இன்னும் சூடா இருக்கும். கையை வச்சுப் பாத்துட்டு வெடுக்குன்னு எடுத்துருவேன். கும்பிடணும்னும் தோணும், ஓடணும்னும் தோணும்.”

வியப்பும் பயமும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைச் சொல்ல நான் என் ஆயுளில் கேட்ட மிகச் சுத்தமான பேச்சு அது. அன்றைக்கு என் மண்டையில் அது ஏறவில்லை. பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, விளக்கைத் தூண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

நாலு பக்கம் எழுதினேன். முதல் இரண்டு பக்கமும் பன்றியின் பெருமை. கால் முளைத்த கருங்குன்றம் என்றேன், கோரைப்பல்லைப் பிறை போல் வளைந்த மருப்பு என்றேன், அது மூச்சு விட்டால் புதர் சாயும் என்றேன். அதிகாரி படித்ததும் மெய் சிலிர்த்து, இப்படிப்பட்ட விலங்கை எதிர்த்து நிற்கும் ஏழைக்குத் துப்பாக்கி கொடுக்காமல் இருப்பதா என்று பதறுவார், இதுதான் என் கணக்கு. மூன்றாம் பக்கத்தில் ஒரு சங்கடம் வந்தது. கடலைக்குப் பழைய பாட்டுகளில் இடமே கிடையாது. அது நேற்று வந்த பயிர். நான் மனப்பாடம் செய்த பாட்டுகளில் பன்றி இறங்குகிற இடம் தினைப்புனம். கடலை என்று எழுதினால் நடை கெட்டுப்போகும் என்று தோன்றியது. கூச்சமே இல்லாமல் தினை என்று எழுதினேன்.

எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கைகட்டி நின்று கடைசி வரை கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்குங்க,” என்றார். கொஞ்சம் தயங்கி, “இதுல கடலை எங்கிட்டு வருதுங்க?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினை என்பதுதான் அது, இலக்கிய வழக்கு, அதிகாரிக்குப் புரியும் என்றேன். தினை போட்டதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சுங்களே என்று முனகினார். சர்வே நம்பர் வேண்டாமா என்றும் கேட்டார். அதெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அடக்கிவிட்டேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றினார். அந்த ரேகையை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு பேரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரியைப் பார்த்தோம். அவர் தமிழ்ப் பித்துப் பிடித்தவர் என்பது எனக்கு முன்பே தெரியும். முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த அறையிலிருந்து குமாஸ்தாக்களைக் கூப்பிட்டு, ‘கால் முளைத்த கருங்குன்றம்’ என்று கையை ஆட்டிப் படித்துக் காட்டினார். எனக்கு நாற்காலியும் காபியும் வந்தன. வீட்டுக்காரர் மேல்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கதவோரம் நின்றார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துக் காரியம் முடிந்தது என்று அவரும் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, புரட்டாசிக் கடைசியில் ஓர் இலக்கிய விழா நடத்துகிறோம், கவியரங்கம் உண்டு, ஆளுக்கொரு விலங்கு, உங்களுக்குப் பன்றிதான் என்றார். மனுவை மடித்துத் தன் தோல் பைக்குள் வைத்துக்கொண்டார். அது கோப்பில் போகவில்லை, பையில் போகிறது என்பதை நான் பார்த்தேன். பார்த்துப் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் வீட்டுக்காரர் தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, ஏதும் வந்துச்சுங்களா என்பார். வரும், சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்பேன். செடி பூத்து விழுதிறங்கிவிட்டது, இனிக் காய் பிடிக்கும் என்று அந்த அம்மாள் விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார். நான் அறைக்குள் கவியரங்கத்துக்கு வரி தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கருங்குன்றத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். அப்போதுதான் அவர் சொன்ன அந்தச் சூட்டு மண் ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

விழா நாளில் அவரும் என்னோடு பஸ்ஸில் வந்தார். ஞாயிற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிதான் தலைமை வகிக்கிறார், நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவருக்கு எண்ணம். மேடையில் நாங்கள் ஐந்து பேர். புலியைப் பாடியவர் மேசையில் குத்திக் குத்தி முழங்கினார். நடுவில் ஒரு சொறிநாய் மேடைக்கு அடியிலிருந்து புறப்பட்டு அவர் காலை முகர்ந்தது. புலிப் புலவர் அலறிக்கொண்டு காலிரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். நாயை விரட்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து கர்ஜனையைத் தொடர்ந்தார். ஒருவருக்கும் வெட்கமில்லை. நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன்.

என் பாட்டில் அந்த இடம் வந்தது. மண்ணின் சூட்டைத் தொட்ட கை கும்பிடவும் நினைக்கிறது, ஓடவும் நினைக்கிறது என்று பாடியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அதிகாரி எழுந்து மறுபடியும், மறுபடியும் என்றார். மூன்று தடவை பாடினேன். மூன்றாம் தடவை கடைசி வரிசையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கைதட்டவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து மாலையும் பொன்னாடையுமாக நான் இறங்கியபோது அவர் அதிகாரியிடம் போய் நின்றார். மனுவைப் பற்றிக் கேட்டார். எந்த மனு என்றார் அதிகாரி. பிறகு நினைவு வந்து முகமெல்லாம் மலர்ந்தது.

“அதுவா? அதை எங்கே ஆபீஸ்ல விட்டேன்? குமாஸ்தா கையில போனா அழுக்காயிருமே. வீட்ல பத்திரமா வச்சிருக்கேன். வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுறேன்.”

சொல்லிவிட்டு, தினை எப்படி இருக்கிறது என்று வேறு விசாரித்தார். நல்லா இருக்குங்க என்றார் இவர். வேறு என்ன சொல்வார் பாவம். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. யாரோ நீட்டிய சோடாவை வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது நாளைக்கே வேறு மனு எழுதிவிடலாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இலுப்பூர் நெருங்கும்போது, “இன்னும் பத்து நாள்ல காய் முத்திரும்ங்க,” என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

மறுநாள் எழுதினேனா? இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாராட்டு. அதற்கு மறுநாள் ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பப் பாட்டை நல்ல கையெழுத்தில் படியெடுத்தேன். பிறகு தலைவலி. பிறகு பரீட்சைத்தாள். ஒன்பது நாள் இப்படிப் போனது. அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கொல்லையில் ஓலைக் குடிசை ஒன்று கட்டி, தகர டின்னும் ஒரு வேல்கம்புமாக அங்கேயே தங்க ஆரம்பித்தார்.

பத்தாவது நாள் சனிக்கிழமை. பத்திரிகைக்காரர் இன்னும் இரண்டு பாட்டு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். நேரில் பார்த்து எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து, விடியக்கருக்கலில் நானும் கொல்லைக்குக் கிளம்பினேன். உதவிக்குப் போனேன் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போனேன். அந்த அம்மாள் அவருக்கான கஞ்சிக் கலயத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

குடிசைக்குள் அவர் பக்கத்தில் குந்தினேன். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது நாற்றம். சாக்கடையும் அழுகல் கிழங்கும் சேர்ந்த மாதிரி ஒரு வீச்சம், மூக்கைப் பொத்தினாலும் தொண்டையில் ஒட்டியது. பிறகு சத்தம். சப்பு சப்பென்று, பல் இல்லாத கிழவன் சோறு தின்பது போல. அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தாயும் ஐந்தாறு குட்டிகளும், ஒதுங்கி நின்ற ஒரு பெரிய ஆண் பன்றியும்.

குன்றமாவது ஒன்றாவது! அந்த ஆண் பன்றியின் முதுகில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. காதுக்குள்ளும் தொடை இடுக்கிலும் கொத்துக்கொத்தாக உண்ணி. ஒரு கண்ணில் பீளை வழிந்தது. செடியைக் கவ்விப் பிடுங்கி, மண்ணும் காயும் எச்சிலுமாக மென்று, தின்ற இடத்திலேயே கழிந்தது. கழிந்ததை மிதித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனது. எனக்கு வியப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. இதையா பாடினேன், இதற்கா மூன்று தடவை கைதட்டினார்கள் என்று வாந்தி எடுக்க வந்தது. ஒரு பாட்டிலாவது உண்ணி உண்டா? பீளை உண்டா?

அவர் என் கையை அழுத்திப் பிடித்திருந்தார். குட்டி இருக்கு, அசையாதீங்க என்று காதில் சொன்னார். நான் கேட்கவில்லை. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று எழுந்தேன். வெள்ளை வேட்டி. கால் பட்டுத் தகர டின் உருண்டது. ஆண் பன்றி தலையைத் தூக்கியது.

அது ஓடி வந்த விதத்தைச் சொல்ல என்னிடம் வார்த்தை கிடையாது. இருந்தாலும் சொல்ல மாட்டேன். நான் திரும்பி ஓடினேன். கொல்லை நடுவில் விழுந்தேன். என் வாயில் மண், காதில் அதன் மூச்சு. அந்த நேரத்தில் அவர் கத்திக்கொண்டு குறுக்கே வந்தார். வேல்கம்பு அதன் தோளில் பட்டு முறிந்த சத்தம் கேட்டது. பன்றி அவரைத் தூக்கி எறிந்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. குட்டிகளும் தாயும் பின்னால் போயின. எல்லாம் ஐந்தாறு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

அவர் தொடை முழங்காலிலிருந்து மேலே பிளந்து கிடந்தது. என் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஓடி வந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் போட்டு, கன்னியாஸ்திரிகள் நடத்தும் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நானும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தேன். அப்போது நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிலிலிருந்து அவர் ரத்தம் புழுதியில் சொட்டிக்கொண்டு வருகிறது. என் மனசு அதற்கு எதுகை தேடிக்கொண்டு வருகிறது. குருதி, பருதி, கருதி. நிறுத்த முயன்றேன், நிற்கவில்லை. என்ன ஜன்மம் இது! பன்றிக்குக்கூட அந்தப் புத்தி இருக்காது.

கன்னியாஸ்திரிகள் கட்டுப்போட்டு, அந்த வழியாக வந்த லாரியில் ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்தக் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் புருஷனோடு இருந்தார். கொல்லையைக் காக்க ஆள் இல்லை. நான் காக்கப் போயிருக்கலாம். பயம். போகவில்லை. நாலு நாளில் இரண்டு ஏக்கரும் உழுது போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரு மரக்கால் கடலைகூடத் தேறவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை. கட்டிலருகே நின்று உச்சுக்கொட்டினார். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, இந்தப் போராட்டத்தை நீங்கள்தான் பாட வேண்டும், நேரில் பார்த்த பாக்கியம் உங்களுக்குத்தானே கிடைத்தது என்றார். அவர் முகத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. வைக்க எனக்கு என்ன யோக்கியதை? என் சட்டைப்பையில் எட்டு வரி தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன். பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஊரைவிட்டுப் போகிறவரை பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் நேராக வேப்ப மரத்தடிக்குப் போனேன். மனு எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலே கேள்வி கேட்டார். சர்வே நம்பர் என்ன, எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை தடவை சேதம். எனக்குச் சர்வே நம்பர் தெரியவில்லை. கிராமக் கணக்கு பார்க்கும் கர்ணத்திடம் போய்க் கேட்டு வந்தேன். ஆறு வரியில் எழுதினார். மேற்படி நிலத்தில் மேற்படி பயிரை மேற்படி பன்றிகள் என்று மூன்று மேற்படி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கைநாட்டு வாங்கி ஆபீஸில் கொடுத்தேன். அது ஒழுங்காகக் கோப்பில் ஏறியது. எந்த அதிகாரியும் அதைப் படித்துச் சிலிர்க்கவில்லை. ஏழு வாரத்தில் லைசென்ஸ் வந்துவிட்டது.

ஆவணியில் அவர் அந்த மரத்தடிக்கே போயிருந்தால் புரட்டாசி முடிவதற்குள் கையில் துப்பாக்கி இருந்திருக்கும். கணக்கு அவ்வளவு சுலபம். ஏதாவது ஒரு வழியில் அது தப்பாக வருமா என்று எத்தனையோ தடவை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

தை பிறந்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஈஸ்டர் வரை இருந்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்புவதாக முடிவாகியிருந்தது. அந்த அம்மாள் நடவுக்குப் போவார், அவர் யாருடைய களத்திலாவது உட்கார்ந்து காவல் பார்ப்பார். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். வாங்கிப் பார்த்து, முத்திரையை விரலால் தடவி, மனைவியிடம் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னார். என்னை மன்னிச்சிருங்க என்றேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

அவர் பதறிப்போனார். அழாதீங்க என்று எழுந்திருக்கப் பார்த்தார், கால் விடவில்லை.

“ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. எழுதத் தெரிஞ்சவுகன்னு நம்பி ஒங்ககிட்ட வந்தேன். அது என் தப்புதான்.”

சொல்லிவிட்டு, வாத்தியாருக்கு எலை போடு என்று உள்ளே குரல் கொடுத்தார். அந்த அம்மாள் இலை போட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் ஒரு வார்த்தைகூட மரியாதை குறைத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் என்னை யாரும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.